யானைக் கதைக்குச் சிரிக்காத பிள்ளை

ரோஸ்லின் டாக்டரிடம் போய்ப் பாடம் கேட்டவர்கள் யாரும் அங்கே பாடம் நடந்ததாகச் சொல்ல மாட்டார்கள். டீ குடித்தோம், நடந்தோம், ஏதோ பேசினோம் என்பார்கள். செய்யது இப்ராகிமும் அப்படித்தான் சொல்வார். ஜெயதுர்கா வந்த அந்த ஒரு நாளை மட்டும் அவரால் அப்படிச் சொல்லிக் கடக்க முடிவதில்லை.

செய்யது ஒன்றும் சின்னப் பையன் இல்லை. கடையநல்லூரில் சொந்தமாகக் குழந்தைகள் ஆஸ்பத்திரி வைத்து, தலை பாதி நரைத்த பிறகு, அபூர்வமான பரம்பரை நோய்களைப் பற்றிக் கற்றுக்கொள்ள மதுரைக்கு, ரோஸ்லினின் ஆஸ்பத்திரிக்கு மெனக்கெட்டு வந்தவர். ஊசி போட்டால்கூடப் பிள்ளைகள் அவரிடம் அழாது. அவ்வளவு பதமான கை, அவ்வளவு பதமான பேச்சு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டுமே, உள்ளதுதானே.

ஜெயதுர்கா நாலாம் வகுப்பு படிக்கிறவள். ஊர் கோவில்பட்டிப் பக்கம். அம்மா பேச்சியம்மாளுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கி வயிறு உப்பியிருந்தது. என்ன நோய் என்பது ரத்தப் பரிசோதனையில் முன்பே தெரிந்துவிட்டது. உடம்பு கொழுப்பை வெளியேற்றத் தெரியாமல் செல்லுக்குள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும் நோய். அம்மா, அப்பா இரண்டு பேர் வழியாகவும் சேர்ந்து இறங்கினால்தான் வரும். லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தாலே அதிகம்.

இனித் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நோய் மூளையைத் தொட்டுவிட்டதா, இல்லையா? தொட்டிருந்தால் ஒரு மருந்து இருக்கிறது. நோயை அது தீர்க்காது, வேகத்தைக் குறைக்கும். இழந்ததைத் திருப்பித் தராது என்பதால் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. தொடவில்லை என்றால் அடுத்த வருஷம் வா என்று ஊருக்கு அனுப்பிவிடலாம். தப்பாக அனுப்பினால் அந்த ஒரு வருஷம் பிள்ளைக்கு நஷ்டம்.

செய்யது காலையிலிருந்தே பொறுமையாகப் பார்த்தார். கை, கால், நடை, பேச்சு, வாசிப்பு எல்லாம் பார்த்தாயிற்று. வலிப்பு வருமா என்று கேட்டார். இல்லை என்றாள் பேச்சியம்மாள். மயக்கம் போட்டு விழுவாளா என்று கேட்டார். மயக்கமே கிடையாது என்றாள். இந்த நோய் பெரும்பாலும் முதலில் கண்ணில்தான் கை வைக்கும். மேலும் கீழும் பார்க்கிற சக்தி குறையும். அதனால் பிள்ளையின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, மேலே, கீழே, மெதுவாகக் கொண்டுபோனார். கண்கள் சமத்தாக விரலோடு போய்த் திரும்பின. நடுவில் தன்னுடைய யானைக் கதையையும் எடுத்துவிட்டார். எந்தப் பிள்ளையும் விழுந்து விழுந்து சிரிக்கிற கதை அது. ஜெயதுர்கா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டார்.

முடிந்ததும் நேரே ரோஸ்லின் டாக்டரிடம் போனார். நரம்புகள் சுத்தமாக இருக்கின்றன, பாவம் அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிச் சாயங்கால பஸ்ஸுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டார். அவர் கொஞ்சம் சந்தோஷமாகவே கேட்டார்.

"கண்ணை எப்படிப் பாத்தீங்க?"

செய்யது விரலை நீட்டிச் செய்து காட்டினார். ரோஸ்லின் அதை முழுக்கப் பார்த்தார்.

"வாங்க, டீ குடிக்கலாம். அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

கேன்டீன் கீழ்த்தளத்தில் இருந்தது. லிஃப்ட் சும்மாதான் நின்றது. ரோஸ்லின் மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

படி ஆரம்பித்த இடத்தில் பேச்சியம்மாள் விறுக்கென்று எல்லோருக்கும் முன்னால் போய், ஒரு படி கீழே இறங்கி, முதுகைக் குனித்துக் காட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை அந்தத் தோளைப் பற்றிக்கொண்டது. யாரும் சொல்லிச் செய்தது மாதிரித் தெரியவில்லை, வீட்டில் தினமும் நடக்கிற காரியம் மாதிரி இருந்தது. ரோஸ்லின் பேச்சியம்மாளைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் தான் நின்றுகொண்டார், தோளை மட்டும் கொடுக்காமல்.

ஜெயதுர்கா தலையைக் குனிந்தாள். மோவாய் நெஞ்சில் இடிக்கிற வரைக்கும் குனிந்தாள். பிறகு காலை நீட்டித் துழாவி முதல் படியைக் கண்டுபிடித்தாள். பயப்படுகிறாள் போல என்றார் செய்யது. ரோஸ்லின் பிள்ளையோடு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கேன்டீனில் உட்கார்ந்ததும் ஒரு கையில் வடையும் இன்னொரு கையில் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டார். வடையைப் பிள்ளையின் நெற்றிக்கு மேலே பிடித்தார், பிஸ்கட்டை மடிக்குப் பக்கத்தில் பிடித்தார். எதன் பெயரைச் சொல்கிறேனோ அதை டக்கென்று பார்க்க வேண்டும், தலை மட்டும் அசையக் கூடாது என்று விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தார். தலை ஆடாமல் மோவாயைத் தாங்கிக்கொள்ளச் செய்யதிடம் சொன்னார்.

"வடை."

கண்கள் மேலே போயின.

"பிஸ்கட்."

கண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பிள்ளை இமையைக் கொட்டினாள், மறுபடியும் கொட்டினாள். பிறகு கண்கள் பக்கவாட்டில் ஒதுங்கி, வளைந்து, ஒருவழியாகக் கீழே வந்து சேர்ந்தன. அதற்குள் செய்யதின் உள்ளங்கையில் அந்தச் சின்ன மோவாய் கீழே இறங்கத் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணால் முடியாததைத் தலையால் செய்யப் பார்க்கிறது பிள்ளை.

"நான் காட்டினப்ப நல்லாப் போச்சே மேடம்."

"மெதுவாக் காட்டினா போகும். பின்னாலேயே போகத் தெரியுது. தாவத்தான் தெரியல."

செய்யது கையை எடுத்தார். தன்னுடைய பதமான விரல் மேல் அவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. பிள்ளை மிரண்டுவிடக் கூடாதே என்று ஊர்ந்து ஊர்ந்து காட்டிய விரல், நோய் ஒளிந்துகொள்ளத் தோதாக இருந்திருக்கிறது.

ரோஸ்லின் வடையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்பது போல, யானைக் கதைக்குச் சிரித்தாளா என்று கேட்டார். இல்லை, கூச்சம் என்றார் செய்யது.

"அப்போ அவ அம்மா என்ன செஞ்சுட்டு இருந்தாங்க?"

அவர் யோசித்தார். பேச்சியம்மாளின் கை பிள்ளையின் தோளில் இருந்தது ஞாபகம் வந்தது. பாசமாக வைத்திருக்கிறாள் என்றுதான் அப்போது பட்டது. இப்போது நினைத்தால், அந்தக் கை அமுக்கிக்கொண்டிருந்தது.

ரோஸ்லின் பிள்ளையை எழுப்பித் தன் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, இடுப்பைச் சுற்றி ஒரு கையைப் போட்டுக்கொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கி, செய்யதைப் போலவே தலையைச் சாய்த்து, விரலை நீட்டினார். "பாப்பா... மெ...து...வா..." என்று இழுத்தார். விரல் நகர்ந்தது, இன்னும் மெதுவாக நகர்ந்தது, பாதி வழியில் நின்றது. டாக்டருக்குக் கண் சொருகியது. விரல் அந்தரத்தில் நிற்க, குறட்டை கிளம்பியது.

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். பேச்சியம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தாள். ரோஸ்லின் இன்னும் பலமாக ஒரு குறட்டை விட்டார்.

ஜெயதுர்கா சிரித்துவிட்டாள். எவ்வளவு நாள் அடக்கி வைத்த சிரிப்போ, கேன்டீன் முழுக்கக் கேட்டது. அதே நொடியில் தலை தொங்கியது, வாய் தளர்ந்தது, முழங்கால் இரண்டும் மடங்கின. ரோஸ்லினின் கை அங்கேயே இருந்ததால் பிள்ளை தரைக்குப் போகவில்லை.

"சிரிக்காத தாயி, சிரிக்காத."

பேச்சியம்மாள் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். பிள்ளையின் கண்கள் திறந்தே இருந்தன. சுற்றி நடப்பதெல்லாம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கால் ஊன்றித் தானாகவே எழுந்து நின்றாள். வடை இன்னும் கையில் இருந்தது.

இதைப் பற்றி நான் கேட்டேனே என்றார் செய்யது.

"நீங்க வலிப்பான்னு கேட்டீக சார், இல்லன்னேன். மயக்கமான்னு கேட்டீக, அதுவும் இல்ல. முழிச்சுத்தான இருக்கா. சிரிச்சா விழுவாளான்னு நீங்க கேக்கலையே."

பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் நடிக்கிறாள் என்று டீச்சர் வைதிருக்கிறார். ஒருமுறை விழுந்து பல் உடைந்திருக்கிறது. அதிலிருந்து வீட்டில் டிவி போடுவதில்லை. பேச்சியம்மாளின் தம்பி முருகையா இருக்கிறானே, வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும், பிள்ளைக்கு உயிர் அந்த மாமா. அவனை இந்தப் பக்கமே வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொன்ன அன்றைக்கு அவன் வாசலில் நின்று அழுதானாம். அதைச் சொல்லும்போது பேச்சியம்மாளுக்கும் அழுகை வந்துவிட்டது.

ரோஸ்லின் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. நோய் மூளையைத் தொட்டிருக்கிறது, சிரித்தால் விழுவதும் அதனால்தான், இன்னும் ஆழமாகப் போகவில்லை, நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள், இன்றைக்கே மருந்து ஆரம்பிக்கிறோம் என்றார். சிரிக்கும்போது விழுவதைக் குறைக்கவும் தனியாக மருந்து உண்டு என்றார். பேச்சியம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். படிப்பாளா?

"படிப்பா. கொஞ்சம் மெதுவாப் படிப்பா. நாங்க கூடவே இருக்கோம்."

அந்தக் குரலில் இருந்த திடத்தைக் கேட்டுப் பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

ஒரு வாரம் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். மருந்து ஒத்துக்கொண்டது. ஊருக்கு அனுப்புகிற அன்று, என்னவெல்லாம் சொல்லி அனுப்ப வேண்டும் என்று செய்யது ரோஸ்லினிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். சாப்பாடு, மாத்திரை, படி இறங்குவது, பள்ளிக்கூடத்து டீச்சரிடம் பேசுவது எல்லாம் ஆயிற்று. ஒன்று மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"மருந்து முழுசா வேலை செய்யிற வரைக்கும், சிரிப்பு மூட்டாம பாத்துக்கச் சொல்லட்டுமா மேடம்? விழுந்து தலையில அடிபட்டுச்சுன்னா?"

ரோஸ்லின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கீழே ஜெயதுர்கா அம்மாவின் தோளைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கீழ பாயை விரிச்சுப் போட்டுட்டு, அந்த மாமாவை வரச் சொல்லுங்க."