இந்தக் கையில் சென்னை, அந்தக் கையில் சிங்கப்பூர்

அம்பத்தூர் டேட்டா சென்டரில் ஏ.சி. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் தணிகாசலம் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், கேன்டீனில் நாங்கள் நாற்காலிகளை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வோம். அன்றைக்கு வாசல் செக்யூரிட்டி செண்பகவல்லி கேட்டாள்: "ஏண்ணே, ஒரே கம்பெனிதானே? எதுக்கு தள்ளித் தள்ளி மூணு கட்டடம்?"

"ஒண்ணுல வெள்ளம் புகுந்தா மத்த ரெண்டும் ஓடணும்மா. உலகம் பூரா அப்படித்தான். அந்த யோசனையே என்னோடது. எவ்வளவு தள்ளிக் கட்டணும்னு வெள்ளைக்காரங்களுக்குப் புரியல. நான் இங்க நின்னு ஒரு சத்தம் குடுத்தேன். எங்க கேக்கலையோ அங்க அடுத்ததைக் கட்டுங்கன்னேன். அதான் ஒண்ணு ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போயிடுச்சு."

"அவ்வளவு தூரமா கேட்டுச்சு?" என்றார் கேபிள் வேலை பார்க்கும் மீரான்.

"அன்னிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு பாய். இல்லன்னா பெங்களூர்ல போய்க் கட்டியிருப்பாங்க."

சோற்றில் மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டார்.

"குளிர் சும்மா கிடைக்குதேன்னு பின்லாந்துல ஒண்ணு கட்டினாங்க. திறப்பு விழாவுக்குப் போனவன், நம்ம ஊருக்கும் ஆகட்டும்னு ரெண்டு மூட்டை குளிரைக் கட்டிக்கிட்டு வந்தேன். கஸ்டம்ஸ்காரன் ஒரு மூட்டையைப் பிரிச்சுட்டான். அன்னிக்கு மீனம்பாக்கத்துல எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் பிளேன் ஏறினாங்க. இன்னொரு மூட்டைதான் நம்ம மாடியில ஓடுது. நீங்க கரண்ட்ல ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க."

மீரான் விடவில்லை. "சிங்கப்பூருக்குப் போற கேபிள் போன வருஷம் கடலுக்கடியில அறுந்துச்சே, அப்ப எங்க இருந்தீங்க?"

"அறுந்த இடத்துலதான். சுறா கடிச்சிருச்சு. ரிப்பேர் கப்பல் வர்ற வரைக்கும் இந்தக் கையில சென்னை, அந்தக் கையில சிங்கப்பூர். அத்தனையும் என் உடம்பு வழியாத்தான் போச்சு. மலாய்க்காரன் பேச்சு, சீனாக்காரன் சினிமா, ஊர்ல நடந்த கல்யாணம் எல்லாம் பாத்துட்டேன். பாவம் பாத்து அந்தச் சுறாவே வந்து, 'கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேண்ணே'ன்னுச்சு. கடிச்சவன்கிட்டயே குடுப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். செண்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

"ஆவணி மாசமாண்ணே?"

"ஆவணியேதான்."

"அப்பதான் எனக்குக் கல்யாணம். என் நாத்தனார் சிங்கப்பூர்ல இருந்து போன்ல பாத்துக்கிட்டிருந்தாங்க. தாலி கட்டுற நேரத்துல படம் நின்னுடுச்சு. நாங்க வேணும்னே நிறுத்திட்டோம்னு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேசறதில்ல. அது நீங்கதானா?"

தணிகாசலம் பிசைவதை நிறுத்தினார். பின்வாங்கும் ஆள் இல்லை அவர். "ஒரே ஒரு தும்மல்மா. தண்ணிக்குள்ள அடக்க முடியல."

அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மணி அடித்தது. "இதை அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே."

"இன்னிக்கு வேண்டாம்மா," என்றார் தணிகாசலம், குரலைத் தாழ்த்தி. "கேபிளை இப்ப அந்தச் சுறாதான் பிடிச்சிருக்கு. லைன் கிடைக்காது."

"யாரு பேசறது?" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது.