கொம்பு கோத்த கடமான்கள்

மூங்கில் காட்டு ஏரியில் இரண்டு கடமான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்று கிழக்குக் கரையில், மற்றது மேற்குக் கரையில். நடுவில் மூடுபனி. ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பார்த்திருக்காது. அவ்வளவு பகை!

கிழக்கில் நின்றவன் நெடுங்கோடன். மேற்கில் நின்றவன் கருவாலன்.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே துறையில் வாய் வைத்துக் குடித்தவர்கள்தான். அப்போது அந்த ஏரி, வெகுதூரத்து ஆற்றில் படுத்துக் கிடந்த ஒரு முதலை ராஜாவுக்குச் சொந்தம். ஏரியை அது கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் தண்ணீர் குடிக்கிற ஒவ்வொரு மந்தையும் அதற்குக் கப்பம் கட்ட வேண்டும். கப்பம் என்றால் ஒரு குட்டி.

பொறுத்தது போதும் என்று ஒருநாள் காடே எழுந்தது. வயதான பெண்யானை ஒருத்தி முன்னால் நின்றாள். முதலைப் படை கால்வாய் வழியாக வந்தது. அந்தச் சண்டையில் ஒரு முதலை நெடுங்கோடனின் பின்னங்காலைக் கவ்விக்கொண்டது. அதன் கண்ணில் குத்தி அவனை மீட்டவன் கருவாலன். நெடுங்கோடனின் காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பனி இறங்கினால் வலிக்கும்.

காடு விடுதலை பெற்றது. யானையைத் தலைவியாக்கினார்கள். இரண்டு மழைக்காலம் அவள் ஆண்டாள். மூன்றாவது மழை தொடங்கியதும், "போதும், நான் மூங்கில் தின்னப் போகிறேன்" என்றாள்.

"ஐயோ! நீங்கள் போனால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

"ராஜா வேண்டாம் என்றுதானே முதலையை விரட்டினோம்? நானே இங்கே உட்கார்ந்துகொண்டால் நானும் ஒரு முதலைதான்!"

போகிற போக்கில் நின்று, திரும்பி, ஒன்று மட்டும் சொன்னாள். "ஏரிக்குக் கரை ஒன்றுதான். சந்தேகமாக இருந்தால் சுற்றி வந்து பாருங்கள்."

யாரும் சுற்றி வரவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது.

அடுத்த தலைவன் யார் என்ற பேச்சு வந்ததும் நண்பர்கள் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"காடு முழுவதுக்கும் ஒரே காவல் வேண்டும். முதலை திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்றான் நெடுங்கோடன்.

"அந்தந்தப் புதரை அந்தந்த மந்தை பார்த்துக்கொள்ளும். இன்றைக்குப் பெரிய காவல்காரன், நாளைக்குப் பெரிய முதலை!" என்றான் கருவாலன்.

இரண்டிலும் நியாயம் இருந்தது. முதல் பேச்சு பிடித்தவர்கள் கிழக்குக் கரையில் தண்ணீர் குடித்தார்கள். இரண்டாவது பிடித்தவர்கள் மேற்கே போனார்கள். முதலில் அது வெறும் பழக்கம். பிறகு கட்சி. கிழக்கே செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டார்கள், மேற்கே வெண்களிமண்ணை. செம்மண் பூசிய பன்றி, வெண்மண் பூசிய பன்றி வீட்டில் சம்பந்தம் பேச மாட்டேன் என்றது.

கிழக்குக்கு ஒரு மைனா இருந்தது. மேற்குக்கு ஒரு கிளி. பொழுது விடிந்ததும் செய்தி கத்துவது அவற்றின் வேலை. மைனா கத்தினால் கிழக்கே அதுதான் உண்மை. கிளி கத்தினால் மேற்கே அதுதான் உண்மை. நடு ஏரியில் இருந்த மீன்கள்தான் பாவம், குழம்பிப் போயின.

ஒருநாள் மைனா மூச்சிரைக்க வந்தது.

"தலைவரே! அந்தக் கருவாலன் என்ன சொன்னான் தெரியுமா? முதலைக்குப் பின்வாசலைத் திறந்து வைக்கிறவர் நீங்கள்தானாம்! கூட்டத்தில் வைத்துச் சொன்னான்!"

நெடுங்கோடனுக்குத் தழும்பு சுருக்கென்று வலித்தது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினான். கருவாலன் கோபத்தில்தான் அப்படிச் சொல்லியிருந்தான். தனியாக இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். ஆனால் கிளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"சொன்னது சொன்னதுதான்!" என்றான்.

அப்புறம் என்ன? திட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஏரியின் நடுவே ஒரு மணல்திட்டு இருந்தது. கரையில் சண்டை கூடாது என்பது யானை போட்ட சட்டம். திட்டு கரை இல்லையே! அதனால் மானம் போனவர்கள் அங்கே போனார்கள். விடியற்காலையில் எதிரெதிரே நின்று ஒரே ஒரு முறை பாய வேண்டும். பாயும்போது கொம்பைச் சாய்த்து எதிரியை விட்டுவிடலாம், சட்டப்படி அதுவும் மானம்தான், கேட்டவர்கள்தான் சிரிப்பார்கள். ஆளுக்கு ஒரு துணை. துணைக்கு வந்தவர்கள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால், "நான் எதையும் பார்க்கவில்லை" என்று சத்தியம் செய்யலாம் அல்லவா?

அந்த விடியலில் மூடுபனி பால் போல் கிடந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மேலே மலையில் மட்டும் எங்கோ மழை பெய்யும் ஓசை.

மைனாவும் கிளியும் முதுகைத் திருப்பிக்கொண்டன.

'நான் சாய்த்துவிடுவேன்' என்று நெடுங்கோடன் நினைத்துக்கொண்டான். 'அவன் குத்தினால் குத்தட்டும். என் காலை மீட்ட கொம்புதானே!' ஆனால் இதை மைனாவிடம் சொல்ல முடியுமா? கிழக்குக் கரை அவனைக் கோழை என்று சிரிக்காதா?

பாய்ந்தான். பனிக்குள்ளிருந்து ஒரு நிழல் வளர்ந்தது. கொம்பைச் சாய்த்தான்.

டமார்!

பிறகு சத்தமே இல்லை.

"எங்கள் தலைவர் வென்றார்!" என்று மைனா கிழக்கே பறந்தது.

"எங்கள் தலைவர் வென்றார்!" என்று கிளி மேற்கே பறந்தது.

இரண்டுமே திரும்பிப் பார்க்கவில்லை.

திட்டில் இரண்டு கடமான்களும் நெற்றியோடு நெற்றி ஒட்டி நின்றன. விரல்களுக்குள் விரல் கோத்தது போல் கொம்புகள் கோத்துக்கொண்டிருந்தன. இழுத்தார்கள், வரவில்லை. முறுக்கினார்கள், வரவில்லை. கூப்பிட்டார்கள். இரண்டு கரையிலும் வெற்றிக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

கருவாலன் இழுப்பதை நிறுத்தினான். "நேராக வந்திருந்தால் கொம்பு இப்படி மாட்டாது. நீ சாய்த்தாயா?"

"நீ?"

நானும்தான் என்பது போல் கருவாலன் கண்ணை மூடித் திறந்தான். அவன் மூச்சு நெடுங்கோடனின் மூக்கில் வெதுவெதுப்பாகப் பட்டது. அந்த வாசனை பழைய வாசனை.

"அட மடையா!" என்றான் நெடுங்கோடன்.

"நீ மட்டும் என்னவாம்?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து வலித்தது. அதற்குள் குளம்பு நனைந்தது. மலை மழை ஏரிக்கு வந்துவிட்டது! திட்டு மூழ்கத் தொடங்கியது.

"கிழக்கே போவோம்."

"உன் கரைக்கு நான் வருவதா? மேற்கே போவோம்."

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. வயிற்றைத் தொட்டது. இன்னும் "கிழக்கு", "மேற்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தாடையைத் தொட்டபோது இருவரும் வாயை மூடினார்கள். வெள்ளம் தூக்கிக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் மிதந்தார்கள் என்று தெரியாது. குளம்பு மண்ணைத் தொட்டபோது சுற்றிலும் பனிதான் இருந்தது.

"இது எந்தக் கரை?"

"தெரியவில்லை."

"செம்மண்ணா?"

"ஈர மண். அவ்வளவுதான்."

மான் தடங்கள் எல்லாம் ஒற்றை மானுக்கு அளவானவை. கோத்த தலையோடு இருவர் அதில் நுழைய முடியவில்லை. ஒரே ஒரு பாதைதான் அகலமாக இருந்தது. அந்தக் காலத்தில் யானை தினமும் நடந்த பாதை. புல் மூடிக் கிடந்தது. அதில் பக்கவாட்டாக, நண்டு போல, மெல்ல மெல்ல நடந்தார்கள்.

பனி விலகியது. எதிரே செம்மண் நெற்றிகள்!

"ஆகா! எதிரியைக் கொம்பில் மாட்டி இழுத்து வருகிறார் நம் தலைவர்!" என்று மைனா கத்தியது. "பிடியுங்கள்! அவனை முறித்துத் தள்ளுங்கள்! நாளையே காடு முழுவதுக்கும் நீங்கள்தான் தலைவர்!"

பன்றிகள் பாய்ந்து வந்து கருவாலனை முட்டித் திருகின. அவன் கழுத்தில் எலும்பு நெறியும் ஓசை நெடுங்கோடனுக்கு மண்டை வழியாகவே கேட்டது.

"சொல்லுங்கள் தலைவரே! நீங்கள்தானே வென்றீர்கள்?"

'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். காடு அவன் கைக்கு வந்துவிடும். கருவாலனின் கண் மிக அருகில் இருந்தது. அதில் நெடுங்கோடன் தெரிந்தான். சின்னதாக, தலைகீழாக இல்லாமல், அப்படியே.

"நிறுத்துங்கள்!" என்று அலறினான். "யாரும் வெல்லவில்லை! நான் கொம்பைச் சாய்த்தேன். அவனும் சாய்த்தான். இவன் கழுத்தை முறித்தால் என் கழுத்தும் முறியும், கண் தெரியவில்லையா?"

பன்றிகள் விலகின.

"சாய்த்தாரா? ஐயே!" என்று யாரோ முனகினார்கள். தலைமை அந்த நொடியிலேயே போய்விட்டது. நெடுங்கோடனுக்கு அது போன சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது. ஒரு பழம் தண்ணீரில் விழுந்த சத்தம்.

இருவரும் மேலே நடந்தார்கள். வேடிக்கை பார்க்கச் சில செம்மண் நெற்றிகள் பின்னால் வந்தன. நடந்து நடந்து, எதிரே வெண்மண் நெற்றிகள்! இப்போது கிளி கத்தியது. இப்போது கருவாலன் அதையே சொன்னான். அவன் தலைமையும் போனது. அங்கிருந்தும் சிலர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். தூறல் விழுந்தது. செம்மண்ணும் வெண்மண்ணும் கரைந்து வழிந்தன. பாதை வளைந்துகொண்டே போய், புறப்பட்ட அதே இடத்துக்கு வந்து நின்றது.

"கிழக்குக் கரை எங்கே முடிந்தது?" என்று ஒரு பன்றிக்குட்டி கேட்டது.

யாருக்கும் தெரியவில்லை.

கொம்பு உதிரும் காலம் வரை இருவரும் அப்படியே வாழ்ந்தார்கள். ஒருவன் குனிந்தால் மற்றவனும் குனிய வேண்டும். அதனால் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டே மேய்ந்தார்கள். காவலைப் பற்றிய வாதம் மட்டும் தீரவில்லை. மெல்லிய குரலில் தினமும் நடந்தது.

ஒரு விடியலில் பொத்தென்று ஒரு சத்தம். கோத்தபடியே கொம்புகள் மண்ணில் கிடந்தன. இருவரும் தலையை ஆட்டிப் பார்த்தார்கள். இலேசாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனார்கள். பழக்கத்தில் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

காட்டில் இன்றும் இரண்டு கட்சிகள் உண்டு. சண்டையும் உண்டு. ஆனால் யார் தலைவராக வந்தாலும் முதல் நாள் அந்தக் கொம்புகளைத் தாண்டி, யானைப் பாதையில் ஏரியை ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

எதிர்க்கரையில் நிற்பவனை முறித்தால்தான் தன் கரை நிமிரும் என்று நினைப்பவர்கள், தங்கள் கழுத்தும் அவனோடு கோத்திருப்பதை மறந்துவிடுகிறார்கள்.