கோணல் குழலும் நேரான பேரும்

மிட்டாதார் அழகியசிங்கம் முதலில் வேலைக்காரன் மொக்கையனின் நிலத்தைப் பிடுங்கினார். இரண்டாவது, ஆடுகளை. மூன்றாவது, தான் மானைச் சுட்டுவிட்டு, "துப்பாக்கி இவனுது" என்று சொல்லி அவனை ஆறு மாதம் சிறைக்கு அனுப்பினார்.

திரும்பி வந்தவனிடம், "முயல் சுட எனக்குன்னு ஒரு ரைபிள் வேணும்டா. இந்தா, முப்பது ரூபா. ராஜா துப்பாக்கி மாதிரி இருக்கணும், இல்லேன்னா தோலை உரிச்சிடுவேன்" என்றார் அந்த வள்ளல்.

மொக்கையன் இருபத்தைந்துக்குப் பழைய ரைபிள் வாங்கினான். மீதி ஐந்துக்குப் பித்தளைத் தகட்டில் அவர் பேரை வெட்டச் சொல்லித் துப்பாக்கியின் மரக்கட்டையில் பதித்தான்.

"குழல் கொஞ்சம் கோணல் சாமி. பேரு மட்டும் நேரா இருக்கு."

மிட்டாதார் பேரைத் தடவிப் பூரித்தார். குழலைப் பார்க்கவில்லை.

மறுநாள் முயலுக்கு வைத்த குறி கோயில் காளையைச் சாய்த்தது. ஊரே திரண்டது, இன்ஸ்பெக்டரும் வந்தார். மிட்டாதார் பழக்கதோஷத்தில், "துப்பாக்கி இவனுதுங்க" என்றார்.

"அப்படியா சாமி? எனக்குப் படிக்கத் தெரியாது. இன்ஸ்பெக்டர் அய்யாவே கட்டையைப் பார்த்துச் சத்தமாப் படிக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் ஊரார் முன் படித்தார்: "வேட்டைச்சிங்கம் மிட்டாதார் அழகியசிங்கம் அவர்கள்."