துறைமணியும் ஏரிமணியும்

முன்னொரு காலத்தில் சங்குத்துறைப் பட்டணத்தை வேலழகன் என்ற ராஜா ஆண்டுவந்தார். உங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்துக்குள் மைக்ரோகண்ட்ரோலர் என்று ஒரு சில்லு இருக்கிறதே, அது படுகிற பாடுதான் அவரும் பட்டார். ஆள் ஒருவர், கூப்பிடும் மணிகளோ ஏராளம். எந்த மணி அடித்தாலும் ஓடுவார். பாதியில் விட்ட வழக்கு அந்தரத்தில் நிற்கும்.

அவர் ஏங்கியதெல்லாம் கப்பல் வந்தால் அடிக்கும் துறைமணிக்குத்தான். கடல் கடந்து வாழ்க்கைப்பட்ட மகள் பொன்னிலா வருஷம் ஒருமுறை கப்பலில் வருவாள். தகப்பன் வந்து கைகொடுக்காமல் அவள் கரையில் இறங்கக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

"எல்லா மணியின் நாக்கையும் கட்டிவிடுங்கள் மகாராஜா, நிம்மதி!" என்றார் யானைப்படைத் தலைவர் வீரசிங்கர். ராஜாவும் கட்டச் சொன்னார். அன்றைக்கென்று பொன்னிலா வந்தாள். துறைமணி ஒலிக்கவில்லை. கப்பலிலிருந்தே அழைத்துப் பார்த்துவிட்டுக் காற்றுத் திரும்பியதும் போய்விட்டாள். அதற்குப்பின் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அமைச்சரே, இன்னொரு முறை அவளைத் தவறவிட்டால் உமக்குப் பதவி இல்லை!"

அமைச்சர் குழந்தையப்பர் மணிகளை அவிழ்த்து வரிசைப்படுத்தினார். வரிசையில் மேல்மணி அடித்தால் கீழ்மணியின் வேலை நிற்கும். அப்படிப் பாதியில் நின்றாலோ, மேல்மணி வேலையின்போது கீழ்மணி அடித்தாலோ, அதன் கம்பத்தில் கொடி மட்டும் ஏறும். ராஜா வந்து கவனிக்கும்வரை இறங்காது. எழுந்து போகுமுன் விட்ட இடத்தில் ராஜா மோதிரத்தை வைக்க வேண்டும்.

"என் யானைமணிதானே முதலில்?" என்றார் வீரசிங்கர்.

"என் மகளின் மணி!" என்றார் ராஜா.

"ஏரிமணி, மகாராஜா. கரை உடைந்தால் ஊரே இல்லை. துறைமணி அடுத்தது. யானை கடைசி."

ராஜாவின் முகம் கறுத்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

மறுவருஷம் செங்கமலம் என்ற நெசவுக்காரி சபைக்கு வந்தாள். "சாமி, எல்லைக் காவலுக்குப் போன எம்மவனை ஒருதடவை பார்க்கணும்..."

துறைமணி அடித்தது. ராஜா அவள் ஓலைமேல் மோதிரத்தை வைத்துவிட்டு ஓடினார். கப்பல் கண்ணில் பட்ட நேரம் ஏரிமணி அடித்தது. துறைக் கம்பத்தில் கொடி ஏற, அவர் அழுதுகொண்டே ஏரிக்குத் திரும்பினார்.

கரை உடைப்பை அடைத்துச் சேற்றுக்காலோடு வரும்போது வீரசிங்கர் வேண்டுமென்றே யானைமணியை அடித்தார். கொடிதான் ஏறியது.

பொழுது சாய்ந்திருந்தது. கப்பல் அங்கேயே நின்றது.

"காற்றுத் திரும்பியும் போகலையா, கண்ணு?"

"கொடி பறந்தா அப்பா வருவார்னு அமைச்சர் சொல்லி அனுப்பியிருந்தாரே. போன வருஷம் எதுவுமே இல்லை. என்னை மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

ராஜா கையை நீட்டினார்.

சபையில் மோதிரம் வைத்த இடத்திலேயே இருந்தது. செங்கமலமும் நின்றுகொண்டிருந்தாள். ராஜா தம் சால்வையை அமைச்சருக்குப் போர்த்திவிட்டு, மகளின் கையை விடாமலே ஓலையை எடுத்தார்.

"மகனைப் பார்க்கணும் என்றாய். வருவான், அம்மா. அவன் இடத்தில் காவல் நிற்க வீரசிங்கர் இப்போதே புறப்படுகிறார்."

"மகாராஜா, என் யானைமணி?"

"கொடி பறக்கிறதே, வீரசிங்கரே! முறை வரும்."