ஒரு பாட்டில் கியர் ஆயில்

இந்த வழக்கைக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள். அங்கே தேங்காய் நார் மில் வைத்திருக்கும் சென்னியப்பனிடம் பதினாறு வயதான பெரிய வண்டி ஒன்று இருந்தது. ஏழு பேர் உட்காரலாம். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். வாராவாரம் கழுவுவார், ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசுவார், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவார். கியர்பாக்ஸுக்குள் ஆயில் என்று ஒன்று இருப்பதும், அதை மாற்ற வேண்டும் என்பதும் மட்டும் அவருக்குத் தெரியாது.

மாற்றச் சொன்னவர் ஐசக். ஒண்டியாளாகப் பட்டறை நடத்துபவர். அந்த ஊரில் பட்டறைக்காரருக்கு மெக்கானிக் சங்கத்தின் உறுப்பினர் அட்டைதான் உயிர். அது போனால் உதிரிபாகக் கடையில் ஒரு நட்டுகூடத் தர மாட்டார்கள்.

"ஏதாச்சும் ஒரு சிவப்பு ஆயிலை ஊத்தி உடு ஐசக்கு. எல்லாம் ஒண்ணுதான்" என்றார் சென்னியப்பன்.

"அப்படி இல்லீங்க. வண்டிப் புத்தகத்துல எது போட்டிருக்குதோ அதைத்தான் ஊத்தோணும். கோயமுத்தூர்ல சொல்லி வெச்சிருக்கறனுங்க."

நான்கு நாள் காத்திருந்து அந்த ஆயிலையே வரவழைத்தார். பழையது டிகாக்ஷன் நிறத்தில் இறங்கியது, ஆனால் கருகல் வாடை இல்லை. கீழ்த்தட்டைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தைச் சென்னியப்பனிடம் காட்டினார். மெல்லிய சாம்பல் நிறப் பசைதான் ஒட்டியிருந்தது, இரும்புத் துணுக்கு ஒன்றுமில்லை; உள்ளே எதுவும் தேயவில்லை என்று அர்த்தம். வடிகட்டியை மாற்றி, புது ஆயிலை ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றினார். பிறகு சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமலே அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் மேல் கோட்டில் சரியாக நின்றது.

மறுநாள் காலை வந்து சேர்ந்தார் குழந்தைவேல், சென்னியப்பனின் மச்சினன். யார் எந்த வேலை செய்தாலும் அதில் குற்றம் கண்டுபிடிப்பதே இந்த மனிதருக்கு உத்தியோகம். பல் விளக்கிக்கொண்டே பானெட்டைத் திறந்து கம்பியை உருவினார். கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை ஆயில்.

"மச்சான், இந்தாளு அளவு தெரியாம ஊத்தியிருக்கறான் பாருங்க!"

மாட்டுக்கு மருந்து புகட்டும் பெரிய சிரிஞ்சில் ரப்பர் குழாயை மாட்டி, கம்பித் துளை வழியாக உறிஞ்சினார். ஆயில் கோட்டுக்கு இறங்கும்வரை உறிஞ்சியதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைந்தது. சாட்சிக்கு இருக்கட்டும் என்று மூடி பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். என்ன ஒரு பெருமை அந்த முகத்தில்!

அன்றே குடும்பத்தோடு வால்பாறை மலை ஏறினார்கள். ஒன்பதாவது வளைவில் இஞ்சின் அலறியது, வண்டியோ ஊர்ந்துதான் ஏறியது. சென்னியப்பன் நிறுத்தினாரா? ஆக்சிலேட்டரை இன்னும் ஓங்கி மிதித்தார். அப்படியே மேலும் மூன்று வளைவு. கருகிய நாற்றம் உள்ளே வந்த பிறகுதான் காலை எடுத்தார். அதற்குள் கியர்பாக்ஸ் தீர்ந்துவிட்டது.

புகார் சங்கத்துக்குப் போனது. செயலாளர் தேவராஜ் ஊரிலேயே பெரிய பட்டறைக்காரர். சென்னியப்பனின் மில் லாரிகள் ஏழும் அவரிடம்தான் வேலைக்கு வரும். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புகார்க்காரர் சொல்லி முடிக்கும்வரை வேலை செய்த ஆள் வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருந்தால் கைகலப்பு ஆகிவிடுகிறதாம். ஐசக் வெளியே வெயிலில் நின்றார்.

குழந்தைவேல் பாட்டிலை மேசைமேல் வைத்து நடந்ததையெல்லாம் சொன்னார். தேவராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க கம்பியை உருவுனப்ப இஞ்சின் ஓடிட்டு இருந்துச்சா, அணைச்சிருந்துச்சா?"

"காலங்காத்தால எங்கீங்க ஓடுது? அணைச்சுத்தான் இருந்துச்சு."

தேவராஜ் மீசையைத் தடவிக்கொண்டார். பாட்டிலை எடுத்து மேசைக்கு அடியில், தன் கால் பக்கம் வைத்தார். அப்புறம்தான் ஐசக்கைக் கூப்பிடச் சொன்னார்.

"ஆயில் மாத்துனது நீதானே?"

"நான்தானுங்க. ஆனா..."

"பதினாறு வருசம் ஓடுன வண்டி. நீ தொட்ட மறுநாள் நின்னு போச்சு. இதுக்கு மேல என்ன பேசறது? அட்டையை வெச்சுட்டுப் போ."

சுற்றியிருந்த சங்கத்து ஆட்கள் எட்டுப் பேரும் லாரியும் டிராக்டரும் பிரித்துப் பழகியவர்கள். இந்த மாதிரி கியர்பாக்ஸை வெளியிலிருந்துகூடச் சரியாகப் பார்த்ததில்லை. தலையாட்டினார்கள். ஐசக் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆயிலை உறிஞ்சியவர் ஒருவர். அலறிய வண்டியை மிதித்தே கொன்றவர் ஒருவர். அட்டையைப் பறித்தவர் ஒருவர். மூன்று பேர் முகத்திலும் விழிக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் மன்னிக்கவே கூடாதவர் யார்?

விடை: தேவராஜ். சாதாரண இஞ்சின் ஆயிலை அணைத்துவிட்டு அளப்பார்கள். அந்த வண்டியின் கியர் ஆயிலைச் சூடாக, இஞ்சின் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். அணைத்தால் உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஆயில் தட்டில் இறங்கி, கம்பியில் கூடுதலாகக் காட்டும். ஐசக் ஊற்றியது சரியான அளவு, உறிஞ்சியதுதான் வினை; ஆயில் குறைந்துபோய் கியர்பாக்ஸ் பிடிப்பிழந்து கருகியது. இது குழந்தைவேலுக்குத் தெரியாது, சென்னியப்பனுக்கும் தெரியாது. தெரியாத ஒருவர், இஞ்சின் ஓடியதா அணைந்திருந்ததா என்று கேட்டிருக்கவே மாட்டார். பதில் வந்ததுமே தேவராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாட்டிலை ஐசக் ஒரு தடவை பார்த்தால் அவருக்கும் விளங்கிவிடும் என்பதால்தான் அது மேசைக்கு அடியில் போனது. தெரியாமல் கெடுத்த இரண்டு பேரைத் திட்டித் தீர்த்துவிடலாம். தெரிந்தே வாயை மூடிக்கொண்ட இந்த ஆளை என்ன செய்வது? ஐசக்கிடம் யாரும் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. தான் எங்கே தவறினோம் என்று, அந்தக் காலி ஆயில் கேனின் லேபிளை இன்னமும் எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.