கூட வந்தது யாரு?

தூத்துக்குடியில் பிலோமினா என்று ஒருத்தி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை இல்லை. வெளியே கிளம்பினால் "போயிட்டு வாரேன்" என்று பூட்டிடம்தான் சொல்ல வேண்டும். பாவம், அப்படியொரு தனிமை.

சமீபமாக வீட்டுக்குத் திரும்பும் வழியே அவளுக்கு மறக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் புதுப் பரிசோதனை ஒன்று சொன்னார்கள். கிருமியைப் பிடிக்க நம் உடம்பு ஆன்டிபாடி செய்கிறதல்லவா, அதையே ஆய்வுக்கூடத்தில் மாற்றி வடிவமைத்திருக்கிறார்கள். ஊசியில் ஏற்றினால் மூளைக்குள் போய், ஞாபகத்தை அரிக்கும் புரதக் கசடு இருந்தால் அதில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனில் பளிச்சென்று தெரியும்.

கூட ஒரு சொந்தம் வர வேண்டுமாம். எங்கே போவாள்? ஆட்டோ ஓட்டும் சேர்மக்கனியைக் கூட்டிப்போய் "என் தம்பி" என்று சொல்லிவிட்டாள். அதற்கு முன்பே அவனிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாலும் மறைக்காம எங்கிட்ட சொல்லிரணும். நோய்னா, புத்தி தெளிவா இருக்கும்போதே நானா ஒரு முதியோர் இல்லம் பாத்துச் சேந்துக்கிடணும். பொறவு என்னைக் கொண்டுபோய் விட யாரு இருக்கா?"

"சொல்லிருதேன் அக்கா."

ஸ்கேனில் பளிச்சென்றே தெரிந்தது. நம் ஊர் வழக்கப்படி டாக்டர் நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவனைக் கூப்பிட்டார். ஆன்டிபாடி ஆள் மாறாமல் பிடித்தது, டாக்டர்தான் மாற்றிப் பிடித்தார்!

"அக்காகிட்ட இப்ப சொல்லிராதீங்க, உடைஞ்சிருவாங்க. வீட்ல எல்லாருமா சேர்ந்து பக்குவமா பாத்துக்கோங்க. எனக்கு வாக்குக் குடுங்க" என்றார். மிரண்டுபோன சேர்மக்கனி தலையை ஆட்டிவிட்டான்.

வெளியே வந்ததும் அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "என்னய்யா சொன்னாரு?"

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, அவசரப்படாமல் சொல்லுங்கள்: இரண்டில் எந்த வாக்கை அவன் காப்பாற்ற வேண்டும்?

விடை: பிலோமினாவுக்குக் கொடுத்ததை. டாக்டர் வாக்கு வாங்கியது, வீடு நிறைய ஆள் இருக்கிற ஒரு தம்பியிடம். அப்படியொருத்தன் கிடையவே கிடையாது. பொய் சொன்னது அவள் தப்புதான், யார் இல்லையென்றது? அதற்காக, மிச்சமிருக்கும் கொஞ்சநாள் தெளிவையும் பிடுங்கிக்கொள்வதா? சேர்மக்கனி சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரி வாசலென்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டாள். எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு சாப்பாடு சொன்னாள். எத்தனையோ வருஷமாக ஒன்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய் அது.