புரோமின் போன இடம்

கல்லூரிக்கு விடுமுறை. வேதியியல் ஆய்வகத்தில் இரண்டே பேர். ஒருவர் பேராசிரியை செண்பகவல்லி, வயது முப்பத்தைந்து. இன்னொருவர் ஆய்வக உதவியாளர் பெர்க்மான்ஸ், வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் சோதனைக்குக் குடுவை கழுவியவர், இப்போது தாமும் அஞ்சல் வழியில் பட்டம் படிக்கிறார். ஆக, சின்னவர்தான் குரு. வயசு பார்த்தா படிப்பு ஏறுகிறது?

அன்றைய வேலை சுலபம். மூலக்கூறில் ஒரு புரோமின் இருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் ஹைட்ராக்சைடை உட்கார வைக்க வேண்டும். பதிலீட்டு வினை என்று பெயர்.

பெர்க்மான்ஸ் அரை மணி நேரம் சூடாக்கினார். வெறும் குமிழி வந்ததுதான் மிச்சம்.

"ஒரு மண்ணும் கிடைக்கலை மேடம்."

"எந்த பாட்டில் எடுத்தீங்க அண்ணாச்சி?"

காட்டினார். ஹைட்ராக்சைடு உள்ள பொட்டாஷ்தான், ஆனால் தண்ணீரில் கரைத்தது இல்லை, ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில் கரைத்தது. அந்த பாட்டிலுக்கு லேபிள் ஒட்டியதே அவர்தான். அப்பேர்ப்பட்ட மனுஷன் மாற்றி எடுத்தால், மனசு இங்கே இல்லை என்று அர்த்தம்.

"வீட்ல என்ன விஷயம்?" என்று கேட்டார் செண்பகவல்லி.

பெர்க்மான்ஸ் பாட்டிலை அதன் இடத்தில் திருப்பி வைத்தார்.

"வீட்டுக்காரி ஜெசிந்தா தவறிப் போய் எட்டு மாசம் ஆச்சு. எங்க அக்கா வேற பொண்ணு பார்த்துட்டா. அந்த இடத்தைக் காலியா விடக்கூடாதாம். இன்னைக்குப் பதில் சொல்லணும்."

அக்காமார்கள் அப்படித்தான். காலி நாற்காலி கண்ணில் பட்டால் அவர்களுக்கு இருப்புக் கொள்ளாது.

"வீட்ல இப்ப யாரு இருக்கா?"

"அத்தை. ஜெசிந்தாவோட அம்மா. புதுசா ஒருத்தி வந்தா நான் எதுக்கு இடைஞ்சலான்னு பெட்டியைக் கட்டிட்டாங்க. ஆறு மணி பஸ்ல மகன் வீட்டுக்குப் போறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? எட்டு மாசமா, 'சாப்பாடு வச்சிருக்கேன் மாப்பிள்ளை', 'சரி அத்தை', அவ்வளவுதான் பேச்சு. முன்னெல்லாம் ஜெபமாலையில முன்பாதியை ஜெசிந்தா சொல்லுவா, பின்பாதியை நாங்க ரெண்டு பேரும் சொல்லுவோம். இப்ப அத்தை அடுப்படியில இருந்து ரெண்டு பாதியையும் தனியா சொல்றாங்க. நான் முன்னறையில ரெண்டு பாதியையும் தனியா சொல்றேன். வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு மேடம்."

பர்னர் தீயைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"ஒண்ணு போயிட்டா, அந்த இடத்துக்கு இன்னொண்ணு வந்துதான் ஆகணுமா?"

செண்பகவல்லி குடுவையின் வாயை கார்க்கால் அடைத்து, அதில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகினார். குழாயின் மறுமுனையை, புரோமின் கலந்த தண்ணீருக்குள் விட்டார். தண்ணீர் செம்பழுப்பாக இருந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வெளுத்து, கடைசியில் தண்ணீர் தெளிந்துவிட்டது.

"ஒண்ணும் கிடைக்கலைன்னீங்க?"

"நிறம் போச்சுன்னா குமிழிக்குள்ள இரட்டைப் பிணைப்பு இருக்கணுமே!" ஆயிரம் தடவை பார்த்த காட்சி அது, ஆனால் பெர்க்மான்ஸ் குனிந்து குனிந்து பார்த்தார். "அப்ப புரோமின் போன இடத்துக்கு யாரு வந்தா?"

"யாரும் வரலை. ஸ்பிரிட்ல கரைச்சதைப் போட்டா நடக்குறது இது, நீக்க வினை. வந்த ஹைட்ராக்சைடு அங்க உட்காராம, பக்கத்துக் கார்பன்கிட்ட இருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடுச்சு."

"அடப் பாவமே. பக்கத்துல இருந்ததுக்கும் இழப்பா?"

"ரெண்டும் ஒவ்வொண்ணை இழந்தாத்தான் ரெண்டுக்கும் நடுவுல இந்த ரெண்டாவது கட்டு விழும்."

"அந்த ரெண்டு கார்பனும் முன்னாடியே ஒட்டிக்கிட்டுத்தானே இருந்துச்சு மேடம்?"

"இருந்துச்சு. ஒத்தைக் கட்டுல."

பெர்க்மான்ஸ் நிமிர்ந்தார். சுவர்க்கடிகாரத்தில் மணி ஐந்தே கால். பர்னரை அணைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் குடுவையைக் கழுவக் கையை நீட்டினார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஆய்வகத்தில் வேறு யாரும் குடுவை கழுவியதில்லை. செண்பகவல்லி அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதை நான் கழுவிக்கிறேன் அண்ணாச்சி. அத்தைக்கு ஆறு மணி பஸ்ஸுன்னுதானே சொன்னீங்க?"